டோக்கியோவில் வீடு எடுத்துத் தங்கினேன்: மின்பாகு சட்டமும் ஒரு குப்பைப் பையும்

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சுருக்கி, படிக்க வசதியாகத் திருத்திய எழுத்து வடிவம்.)

இந்த வாரம் கோடிங் இல்ல, ஏஐ இல்ல, இன்டர்வியூ டிப்ஸும் இல்ல. லீவு போட்டு டோக்கியோ போய்ட்டு வந்தேன்ல, அந்தக் கதை. ஆனா ராமென், கோயில், புல்லட் ரயில்னு எதிர்பார்த்தா ஏமாந்துடுவீங்க. ஒரு சட்டத்தைப் பத்திப் பேசப் போறேன். இருங்க, ஸ்கிப் பண்ணிடாதீங்க. அந்தச் சட்டத்தை நான் படிச்சதுக்குக் காரணம் ஒரு குப்பைப் பை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். காலிங் பெல் அடிச்சுச்சு. கதவைத் திறந்தா பக்கத்து வீட்டு அம்மா. எழுபது வயசுக்கு மேல இருக்கும். ஒரு கையில போன், இன்னொரு கையில நான் முந்தின ராத்திரி தெருமுனையில வச்ச குப்பைப் பை. பை மேல ஒரு ஸ்டிக்கர். ஜப்பானிய மொழி தெரியாட்டியும் அது பாராட்டுப் பத்திரம் இல்லன்னு தெரிஞ்சுது. குப்பை வண்டிக்காரங்க அதை எடுக்காம, ஸ்டிக்கர் ஒட்டி விட்டுட்டுப் போயிருக்காங்க.

அந்தம்மா போன்ல மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து பேசினாங்க. திரையில இங்கிலீஷ் வந்துச்சு: இந்தக் குப்பை உங்களுடையதா? ஆமான்னு தலையாட்டி நாலு தடவை 'சுமிமாசென்' சொன்னேன். அப்புறம் ரெண்டாவது கேள்வி: இந்த வீட்டுக்காரருக்கு நீங்க யாரு?

நான் என் போன்ல 'ஃப்ரெண்ட்'னு டைப் பண்ணிக் காட்டினேன். அந்தம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாங்க. லேசா குனிஞ்சு வணக்கம் சொன்னாங்க. பையை வாசல்ல வச்சுட்டுப் போய்ட்டாங்க.

வீட்டுக்காரரை நான் நேர்ல பார்த்ததே இல்ல.

முதல்ல அந்த இடத்தைச் சொல்லிடறேன். நான் தங்கினது செட்டகாயா வார்டு. டோக்கியோவோட 23 வார்டுகள்ல அதிக ஜனத்தொகை அங்கதான், ஒன்பது லட்சத்துக்கும் மேல. ஷிபுயான்னு ஒரு இடம் ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க, ஒரே நேரத்துல எல்லாத் திசையிலேர்ந்தும் ஜனங்க ரோட்டைத் தாண்டுவாங்களே, அங்கிருந்து ரயில்ல கொஞ்ச நேரம்தான். ஆனா செட்டகாயாவுக்குள்ள ரெண்டே பெட்டி வச்ச ஒரு டிராம் ஓடுது. மொத்தமே 5 கிலோமீட்டர். அதுல இறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தா என் தெரு.

நான் போனது சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு. அந்தத் தெருவுல கேட்ட ஒரே சத்தம் என் பெட்டியோட சக்கரச் சத்தம். கடகடன்னு. பகல்ல ஏர்போர்ட்ல காதுலயே விழாத சத்தம், அங்க லாரி போற மாதிரி இருந்துச்சு. மறுநாள் வீட்டுக்கு போன் பண்ணி, "அம்மா, ஒரு கோடிக்கும் மேல ஜனம் இருக்கிற ஊர், கோயில் பிராகாரம் மாதிரி அமைதியா இருக்கு"ன்னு சொன்னேன். பால்கனியில நின்னுக்கிட்டு, ஸ்பீக்கர்ல, ராத்திரி பதினொரு மணிக்கு. நமக்கும் அவங்களுக்கும் மூணரை மணி நேர வித்தியாசம். சென்னையில அப்ப ஏழரைதான், அம்மா சீரியலுக்கு நடுவுல பேசிட்டிருந்தாங்க. அந்த ஊர் எவ்வளவு அமைதின்னு நான் சொன்னது அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஏன் கேட்டிருக்கும்னு பின்னாடி புரிஞ்சுது. ஜப்பான் சிவில் சட்டப்படி, கட்டடத்தை எல்லையிலேர்ந்து 50 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டணும். ரெண்டு பக்கமும் அவ்வளவுதான் விட்டா நடுவுல ஒரு மீட்டர். பெரும்பாலும் மர வீடுகள். என் பால்கனியிலேர்ந்து அந்தம்மாவோட ஜன்னலுக்குக் கையை நீட்டி ஒரு டம்ளர் காபி கொடுத்துடலாம்.

சரி, இவ்வளவு நெருக்கத்துல எப்படி இவ்வளவு அமைதி? 'ஜப்பான்காரங்க டிசிப்ளின்'னு ஒரே வார்த்தையில முடிச்சுடறது நமக்கு ஈஸி. எனக்கு அந்தப் பதில் பிடிக்கல. கொஞ்சம் தோண்டினா ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு விதியும், அதைத் தினமும் செய்ற ஒரு ஆளும் இருக்காங்க.

உதாரணத்துக்கு, அந்தத் தெருவுல ஓரமா ஒரு கார்கூட நிக்கல. கவர் போட்டு மூணு வருஷமா நகராத கார் ஒண்ணு நம்ம தெருவுல எல்லாம் கண்டிப்பா இருக்கும்ல? அங்க 1962-ல ஒரு சட்டம் போட்டாங்க. கார் வாங்கணும்னா, வீட்டுக்குப் பக்கத்துலயே அதை நிறுத்த இடம் இருக்குன்னு போலீஸ்கிட்ட சான்றிதழ் வாங்கணும். இப்போதைய கணக்குல 2 கிலோமீட்டருக்குள்ள. ராத்திரி ரோட்டுல ஒரே இடத்துல 8 மணி நேரம் நிறுத்தினா அதுவே குத்தம். இடம் இல்லன்னா கார் இல்ல. கார் இல்லன்னா ஹாரனும் இல்ல, ரிவர்ஸ் எடுக்கிறப்ப வர்ற பாட்டும் இல்ல.

அப்புறம் மண்டலப் பிரிவு. ஜப்பான்ல நகர நிலத்தைப் பல வகையாப் பிரிச்சிருக்காங்க. இப்ப 13 வகை. அதுல மாடி அதிகம் இல்லாத, குடியிருப்புக்கு மட்டுமேயான பகுதிகள்ல கட்டடம் 10 இல்ல 12 மீட்டருக்கு மேல உயரக் கூடாது. ஹோட்டல், லாட்ஜ் கட்டவே முடியாது. என் தெரு அந்த மாதிரிப் பகுதி.

குப்பை விஷயம் இன்னும் நுணுக்கம். எரிக்கிற குப்பை வாரத்துல ரெண்டு நாள், எரிக்க முடியாதது மாசத்துல ரெண்டு தடவை, பேப்பர், பாட்டில், டின் எல்லாம் வேற நாள். காலை 8 மணிக்குள்ள தெருமுனையில வைக்கணும். முந்தின ராத்திரியே வச்சா காக்கா கிழிச்சுடும். டோக்கியோ காக்கா நம்ம காக்காவைவிடப் பெருசு, சொல்லப்போனா கொஞ்சம் ரவுடி. அதுக்காகக் குப்பை மேல வலை போர்த்துவாங்க. அந்த வலையை எடுத்து மடிச்சு, இடத்தைக் கூட்டித் தண்ணி ஊத்துறது யாரு? கார்ப்பரேஷன் இல்ல. பல தெருவுல அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களே முறை போட்டுச் செய்றாங்க. அந்த வாரம் அந்தம்மா முறையான்னு தெரியல. ஆனா பாட்டில், பிளாஸ்டிக் டப்பா, மிச்சம் வச்ச நூடுல்ஸ் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு ராத்திரியே நான் வச்சதைக் காலையில தூக்கிட்டு வந்தது அவங்கதான்.

இதுல எனக்கு ஷாக் கொடுத்த விஷயம் வேற. நான் சரியாப் பிரிச்சு, சரியான நாள்ல வச்சிருந்தாலும் அது தப்புதான். இந்த மாதிரி வாடகை வீட்டுல தங்குற விருந்தாளியோட குப்பை, வீட்டுக் குப்பை இல்ல, வியாபாரக் குப்பை. தொழில் நடத்துறவர்தான் அதை அப்புறப்படுத்துற பொறுப்பை ஏத்துக்கணும். தெருக்காரங்களோட வீட்டுக் குப்பையில அதைச் சேர்க்கக் கூடாது. எனக்கு வந்த மெசேஜ்ல "மூலையில வச்சுடுங்க"ன்னு ஒரே வரிதான் இருந்துச்சு.

இப்ப அந்த 'ஃப்ரெண்ட்' கதைக்கு வரேன்.

நான் அஞ்சு ராத்திரிக்கு வீடு தேடினேன். சைட்ல இந்த வீட்டுக்கு சனி, ஞாயிறு ரெண்டு ராத்திரிதான் காட்டுச்சு. ராத்திரிக்கு 12,000 யென். வீட்டுக்காரர் மெசேஜ்ல சொன்னார்: மீதி மூணு ராத்திரிக்கு நேரடியாக் கொடுத்துடுங்க, 9,000-க்குத் தரேன், பணத்தைக் கவர்ல வச்சு டிராயர்ல போட்டுடுங்க. நம்ம மூளை எப்படி வேலை செய்யும்? கமிஷனை மிச்சம் பண்றார், நமக்கும் லாபம், அவருக்கும் லாபம். ஓகேன்னுட்டேன். 27,000 யென், நம்ம காசுக்குப் பதினஞ்சாயிரம் பக்கம். ஞாயித்துக்கிழமை ராத்திரி இன்னொரு மெசேஜ்: நாளையிலேர்ந்து யாராவது கேட்டா, என் ஃப்ரெண்ட்னு சொல்லிடுங்க.

நாளையிலேர்ந்து ஏன்? அந்தக் கேள்வி எனக்கு அப்பவே வந்திருக்கணும். வரல. கிரிப்டோவுல ஆறு லேயர் என்கிரிப்ஷனை எபிசோட் எபிசோடா விளக்கின ஆளு நான். இதைக் கவனிக்கல.

செவ்வாய் ராத்திரி தூக்கம் வராம உக்காந்து படிச்சேன். கதை இதுதான். 2013-ல ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 1 கோடி. 2017-ல 2.8 கோடியைத் தாண்டிடுச்சு. ஹோட்டல் போதல. ஜனங்க வீடுகளை வாடகைக்கு விட ஆரம்பிச்சாங்க. இதுக்கு அங்க 'மின்பாகு'ன்னு பேரு. பழைய ஹோட்டல் சட்டப்படி பார்த்தா, காசு வாங்கி ஆளைத் தங்க வைக்கிறது லாட்ஜ் தொழில், லைசென்ஸ் வேணும். பெரும்பாலானவங்ககிட்ட அது இல்ல. குடியிருப்புப் பகுதியில கேட்டாலும் கிடைக்காது.

அதனால 2017-ல புதுச் சட்டம் கொண்டு வந்தாங்க. 2018 ஜூன் 15 அன்னைக்கு அமலுக்கு வந்துச்சு. இதோட மையமான லாஜிக் எனக்கு ரொம்பப் பிடிச்சது. குடியிருப்புப் பகுதியில லாட்ஜ் கூடாது, ஆனா வீடு இருக்கலாம். அப்ப மின்பாகு வீடா, லாட்ஜா? சட்டம் சொல்றது: வருஷத்துல 180 நாளுக்கு மேல ஆளைத் தங்க வைக்கலன்னா, அது வீடுதான். வருஷத்துல பாதிக்கும் குறைவு, அதனால அதோட முதல் அடையாளம் வீடு. அதைத் தாண்டினா லாட்ஜ், லைசென்ஸ் எடு. ஒரு நம்பரை வச்சு ஒரு கட்டடத்தோட டைப்பையே தீர்மானிக்கிறாங்க. கணக்கு நண்பகல்லேர்ந்து மறுநாள் நண்பகல் வரை ஒரு நாள். வருஷம் ஏப்ரல் 1 நண்பகல்ல ஆரம்பிக்குது. 'ஆஃப் பை ஒன்' பிழை வராம எழுதின சட்டம்னு ஒரு டெவலப்பரா மெச்சிக்கிட்டேன். எத்தனை ராத்திரி ஆள் தங்கினாங்கன்னு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்காரர் அரசுக்குக் கணக்கு கொடுக்கணும்.

சட்டம் அமலுக்கு வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, பதிவு நம்பர் இல்லாத வீடுகளை ஏர்பிஎன்பி தன் பட்டியல்லேர்ந்து தூக்கிடுச்சு. அறுபதாயிரத்துச் சொச்சம் இருந்தது பதினாலாயிரம் அளவுக்கு இறங்கிடுச்சு. டிக்கெட் போட்டு வச்சிருந்த எத்தனையோ பேருக்குக் கடைசி நேரத்துல புக்கிங் போச்சு. அதே நாள்லேர்ந்து, லைசென்ஸ் இல்லாம லாட்ஜ் நடத்தினா அதிகபட்ச அபராதம் 30,000 யென்னுன்னு இருந்ததை 10 லட்சம் யென்னா ஏத்திட்டாங்க.

இன்னொரு விஷயம்தான் என் தலையில இறங்கினது. 180-ங்கிறது தேசிய உச்சவரம்பு. அதுக்குள்ள உள்ளாட்சிகள் தங்களோட ஏரியாவுக்கு ஏத்த மாதிரி இன்னும் குறைக்கலாம். கியோட்டோ குடியிருப்பு மட்டுமேயான பகுதிகள்ல ஜனவரி நடுவுலேர்ந்து மார்ச் நடு வரைக்கும்தான் விட்டுச்சு, கூட்டம் குறைஞ்ச சீசன்ல மட்டும். டோக்கியோவுல ஷின்ஜுகு வார்டு, அந்த மாதிரிப் பகுதிகள்ல திங்கள் நண்பகல்லேர்ந்து வெள்ளி நண்பகல் வரை கூடாதுன்னுடுச்சு. செட்டகாயா? திங்கள் நண்பகல்லேர்ந்து சனி நண்பகல் வரை கூடாது. அரசு விடுமுறை வந்தா மட்டும் விலக்கு.

சனி நண்பகல் டு திங்கள் நண்பகல். ரெண்டு ராத்திரி. சைட்ல எனக்குக் காட்டின அதே ரெண்டு ராத்திரி.

அப்ப நான் டிராயர்ல கவர்ல போட்ட பணம் கமிஷனை மிச்சம் பண்ணின பணம் இல்ல. கணக்குலயே வராத மூணு ராத்திரியோட விலை. சைட்டுக்கும் தெரியாது, வார்டு ஆபீஸுக்கும் தெரியாது. எனக்கு ஏதாவது ஆனாலும் சைட் பொறுப்பேத்துக்காது, ஏன்னா அவங்க பதிவுப்படி நான் திங்கட்கிழமையே கிளம்பியாச்சு.

வீட்டுக்காரர் பக்கம் நியாயமே இல்லையான்னா, யோசிச்சேன். வாரத்துக்கு ரெண்டு ராத்திரின்னா வருஷத்துக்கு 104, விடுமுறை சேர்த்தா இன்னும் கொஞ்சம். அதுல பராமரிப்பு, சுத்தம் பண்ற ஆள், வியாபாரக் குப்பை ஒப்பந்தம், வரி எல்லாம். கட்டுப்படியாகாதுன்னு நினைச்சிருக்கலாம். காலி வீட்டைச் சும்மா பூட்டி வைக்கிறதுக்கு நாலு பேர் தங்கிட்டுப் போகட்டுமேன்னு கேட்டா, அது அபத்தமான கேள்வி இல்ல. திங்கட்கிழமை வந்தா மட்டும் விருந்தாளி எப்படித் தொந்தரவாவான்னும் கேட்கலாம். ஸ்கூல் பசங்க நடந்து போற நாள், வயசானவங்க தனியா வீட்டுல இருக்கிற நாள், அன்னைக்குத் தெரியாத முகங்கள் தெருவுல வேண்டாம்ங்கிறதுதான் தெருக்காரங்க தரப்பு வாதம். எனக்கு இது முழுசா ஒப்புதல் இல்ல. ஆனா அந்த விதியை மாத்தணும்னா வார்டு கவுன்சில்ல போய் வாதாடணும். ஒரு கிழவிகிட்ட என்னைப் பொய் சொல்ல வைக்கிறது அதுக்கு வழி இல்ல.

அந்தம்மாவுக்கு விஷயம் தெரியும்னுதான் நினைக்கிறேன். வாரா வாரம் வேற வேற முகம், எல்லாரும் 'ஃப்ரெண்ட்'. அவங்க கேள்வி கேட்டது பதிலுக்காகவே இல்லையோன்னு தோணுது.

புதன்கிழமை காலையில கிளம்பிட்டேன். ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பிசினஸ் ஹோட்டல்ல கடைசி ராத்திரிக்கு ரூம் போட்டேன். குளியலறை ஃப்ளைட் டாய்லெட் சைஸ். வீட்டுக்காரருக்கு ஏன் போறேன்னு மெசேஜ் அனுப்பினேன். ஒரு தம்ஸ்அப் வந்துச்சு. பணம் வரல, நானும் கேக்கல. பிரிச்சு வச்ச குப்பையை அந்த வீட்டுச் சமையலறையிலயே கட்டி வச்சேன், அவர் பொறுப்பு. மின்பாகு புகார் சொல்றதுக்குன்னே அரசு கால் சென்டர் ஒண்ணு இருக்கு. நான் போன் பண்ணல. பண்ணியிருக்கணுமான்னு இன்னும் முடிவுக்கு வரல. சட்டத்தை மீறி மிச்சம் பிடிச்சதுல நானும் ஒரு பார்ட்டி, அது ஒரு காரணம். சோம்பேறித்தனம் இன்னொரு காரணம்.

சரி, நீங்க போனா என்ன பார்க்கணும்? முதல்ல நம்பர். மின்பாகு பதிவு நம்பர் 'எம்'ங்கிற எழுத்துல ஆரம்பிக்கும், அடுத்த ரெண்டு இலக்கம் மாகாணம், டோக்கியோவுக்கு 13. சைட்ல விளம்பரத்துலயே இருக்கும், வீட்டு வாசல்லயும் ஒரு அட்டை ஒட்டியிருக்கணும். ஹோட்டல் சட்டப்படி லைசென்ஸ் எடுத்த அபார்ட்மென்ட்கள் தனி வகை, அதுல 180 நாள் கணக்கு கிடையாது, வார நாள்லயும் தங்கலாம். அஞ்சாறு நாள் சேர்ந்தாப்ல தங்கணும்னா அதைத் தேடுறதுதான் நிம்மதி, ஆனா என் தெரு மாதிரி ஏரியாவுல அது இருக்காது. கொஞ்சம் கடைத்தெரு பக்கம் வந்துடும். ஓட்டமா வீட்டுக்காரர் பாஸ்போர்ட் காப்பி கேட்டா பயப்படாதீங்க. ஜப்பான்ல முகவரி இல்லாத வெளிநாட்டுக்காரங்ககிட்ட அதை வாங்கி வைக்கணும்ங்கிறது விதி. கேக்கலன்னாதான் யோசிக்கணும். என்கிட்ட கேக்கல. அப்புறம், "மீதி நாளுக்கு நேர்ல கொடுங்க"ன்னா, அந்த வார்டுல எந்தெந்தக் கிழமை அனுமதின்னு ஒரு தடவை தேடிடுங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும். எனக்குச் செவ்வாய் ராத்திரி அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு.

கிளம்புற அன்னைக்கு அந்தம்மா வாசலைப் பெருக்கிட்டிருந்தாங்க. நான் பெட்டியைக் கையில தூக்கிட்டு வெளிய வந்தேன். 19 கிலோ. மெயின் ரோடு வரைக்கும் உருட்டக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன், பாதித் தூரத்துலயே தோள்பட்டை போச்சு, அது வேற கதை. அவங்க முன்னாடி நின்னு போன்ல டைப் பண்ணிக் காட்டினேன்: நான் ஃப்ரெண்ட் இல்ல, வாடகைக்கு வந்தேன், மன்னிச்சுடுங்க.

படிச்சாங்க. துடைப்பத்தைச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு அவங்க போனை எடுத்து ஏதோ பேசினாங்க. திரையில வந்தது: தெரியும். பால்கனியில பேசினது உங்க அம்மாவா?

ஆமான்னேன். சிரிச்சாங்க. மறுபடி பெருக்கப் போய்ட்டாங்க.

அவ்வளவுதான் மக்களே. சென்னையிலயோ பெங்களூர்லயோ உங்க அபார்ட்மென்ட்ல யாராவது ஃப்ளாட்டை நாள் வாடகைக்கு விட்டு, அசோசியேஷன் மீட்டிங்ல சண்டை நடந்திருந்தா எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. வீடு விட்டவங்க, பக்கத்துல குடியிருந்தவங்க, ரெண்டு தரப்பும் வேணும். அடுத்த வாரம் பார்க்கலாம்.